முதல் சிந்தசைசர்கள் ஏன் சின்னப் பட்டறைகளில் பிறந்தன?

கேட்டிருப்பது இதுதான்: சிந்தசைசர் மாதிரியான மின்னணு இசைக்கருவிகளை ஆரம்பத்தில் பெரிய கம்பெனிகள் செய்யாமல், நாலைந்து பேர் உட்கார்ந்து சால்டரிங் பண்ணிய சின்னப் பட்டறைகள் செய்தது எப்படி, பெரியவர்களிடம் இல்லாத எது அவர்களிடம் இருந்தது? நான் பல வருஷமாக ஆம்ப்ளிஃபயரும் கீபோர்டும் பழுது பார்க்கிறவன். பழைய கருவிகளின் சர்க்யூட் படங்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பெரிய கம்பெனிகள் முயற்சி செய்யாமல் இல்லை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ., ரேடியோவிலும் கிராமபோனிலும் கொடிகட்டிப் பறந்த கம்பெனி, இரண்டு தடவை இறங்கிப் பார்த்தது. முதல் தடவை 1929-ல், தெரமின் கருவியோடு. லியோன் தெரமின் என்ற ரஷ்ய இயற்பியலாளர் 1920 வாக்கில் பெட்ரோகிராடில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது கண்டுபிடித்தது அது. காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் இரண்டு ஆசிலேட்டர்கள், அதாவது மின் அலையை உண்டாக்கும் சர்க்யூட்டுகள், ஓடும், ஒன்று நிலையானது, இன்னொன்றின் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அதன் அதிர்வெண் லேசாக மாறும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குச் சுருதியாகக் கேட்கும். தொடாமலே வாசிக்கிற கருவி. 1922-ல் லெனினுக்கே வாசித்துக் காட்டியிருக்கிறார். 1927 கடைசியில் அமெரிக்காவுக்கு வந்தார், 1928-ல் அங்கே பேட்டன்ட் வாங்கினார், உரிமையை ஆர்.சி.ஏ. எடுத்துக்கொண்டது.

ஆர்.சி.ஏ. அதை எப்படி விற்றது என்று பாருங்கள். முணுமுணுக்கத் தெரிந்தால், விசிலடிக்கத் தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். வால்வுகளும் (டிரான்சிஸ்டருக்கு முன்பிருந்த கண்ணாடிக் குழாய்கள்) ஸ்பீக்கரும் இல்லாமலே விலை 175 டாலர். வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டில் வைத்துக் கையை ஆட்டினால் நாய் ஊளையிடுகிற சத்தம்தான் வந்தது. ஃபிரெட் இல்லை, கட்டை இல்லை, கை ஒரு அங்குலம் நகர்ந்தால் ஸ்வரம் போய்விடும். வயலினைவிடக் கஷ்டமான கருவியை ரேடியோப் பெட்டி மாதிரி விற்றார்கள். நேரமும் சரியில்லை, கடைக்கு வந்த சமயத்தில் பங்குச்சந்தை சரிந்தது. 500 பெட்டிகளோடு கதை முடிந்தது.

அதே சமயத்தில் நியூயார்க்கில் மேற்கு 54-ஆம் தெருவில் தெரமினுடைய சொந்தப் பட்டறையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கிளாரா ராக்மோர் என்று ஒரு பெண். நாலைந்து வயதிலேயே ரஷ்ய கன்சர்வேட்டரியில் இடம் கிடைத்த அளவுக்கு வயலின் வாசித்தவர், கையில் வந்த கோளாறால் வில் பிடிக்க முடியாமல் போனவர். தெரமின் கருவி அவருக்கு இன்னொரு வாழ்க்கை மாதிரி வந்தது. ஆனால் அது இருந்த நிலையில் அவருக்குப் போதவில்லை. மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும் என்றார். ஒலியளவைக் கட்டுப்படுத்துகிற இடது கைக்குக் கருவி மெதுவாகத்தான் பதில் சொல்கிறது, அதனால் ஸ்வரங்களை வெட்டி வெட்டி வாசிக்க முடியவில்லை, அது வேகமாக வேண்டும் என்றார். பெட்டி என்னை மறைக்கிறது, உயரத்தைக் குறையுங்கள் என்றார். தெரமின் அவருக்கென்றே தனியாக ஒன்று செய்து கொடுத்தார். பிற்காலத்தில் கிளாரா மேடையில் வாசித்தது அந்தக் கருவியைத்தான். பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடித்துப்போகும், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற வழியெல்லாம் அதில் இருக்கிறது.

ஒரே கண்டுபிடிப்பு, இரண்டு வழி. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. செய்கிறவரும் வாசிக்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த இடத்தில் கருவி பிறந்தது. இனி வரப்போகிற கதைகளிலும் அதையே பார்ப்பீர்கள்.

ஆர்.சி.ஏ.யின் இரண்டாவது முயற்சியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1950-களில் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் சிந்தசைசர் ஒன்றைச் செய்தார்கள், உள்ளே முழுக்க வால்வுகள், காகிதச் சுருளில் துளை போட்டுத்தான் அதற்கு இசையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது மாடல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கே மில்டன் பாபிட் போன்ற சிலர் பொறுமையாக உட்கார்ந்து அதில் அருமையான வேலை செய்தார்கள். ஆனால் வெளியில் இருக்கிற ஓர் இசைக்காரர் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட வழியில்லை.

சரி, இப்போது ராபர்ட் மோகிடம் வருவோம். தமிழில் பலரும் மூக் என்று எழுதுகிறார்கள், அவர் தன் பெயரைச் சொன்ன விதம் மோக். 1934-ல் நியூயார்க்கில் பிறந்தவர், அப்பா மின்சாரக் கம்பெனியில் இன்ஜினியர், வீட்டில் கருவிகளும் மேசையும் இருந்தன. 14 வயதில் ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து தெரமின் ஒன்றைச் செய்தார். 1954-ல், 20 வயதுகூட ஆகாதபோது, அப்பாவோடு சேர்ந்து தெரமின் செய்து விற்கிற கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். 1961-ல் டிரான்சிஸ்டர் போட்ட தெரமின் எப்படிச் செய்வது என்று ஒரு கட்டுரை எழுதி, பாகங்களை 49.95 டாலருக்கு கிட்டாக விற்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே, குடியிருந்த சின்ன அபார்ட்மென்டிலிருந்து சுமார் 1,000 கிட்டுகளை அனுப்பியிருக்கிறார். இது முக்கியம். சிந்தசைசர் செய்யும் முன்பே, வாங்கியவர் கடிதம் எழுதிக் கேள்வி கேட்பது, பாகம் தீர்ந்துபோவது, தபால் பெட்டி கட்டுவது எல்லாம் அவருக்குப் பழகிவிட்டது.

1963-ல் இத்தாகாவுக்குப் பக்கத்தில் ட்ரூமன்ஸ்பர்க் என்ற கிராமத்துக்குக் குடிபோனார். கடைத்தெருவில் ஒரு பழைய கடையைப் பிடித்துப் பட்டறை போட்டார். அந்த வருஷக் கடைசியில் ராச்செஸ்டரில் இசை ஆசிரியர்கள் மாநாட்டில் தெரமின்களை வைத்து விற்றுக்கொண்டிருந்தபோது ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசை ஆசிரியர், இசையமைப்பாளர், வந்து பேச்சுக் கொடுத்தார். டாய்ச் ஏற்கெனவே மோகின் தெரமின் ஒன்றைக் கட்டி மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1964 ஜனவரியில் நியூயார்க்கில் டாய்ச்சின் கச்சேரி, கார் பம்பர்களை வைத்துச் செய்த சிற்பங்களைத் தட்டி வாசிக்கிற தாளக்காரரும் டேப்பும் சேர்ந்து, அதுவும் அந்தச் சிற்பியின் கூடத்திலேயே. மோக் அதைக் கேட்க வந்தார். கோடையில் டாய்ச் ட்ரூமன்ஸ்பர்க் போய்ச் சில வாரம் தங்கினார்.

அந்தச் சில வாரத்தில் நடந்ததில் ஒன்றை மட்டும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். மோக் ஆசிலேட்டர் வைத்துவிட்டார், கீபோர்டு கட்டையை அழுத்தினால் ஒலி வருகிறது, விட்டால் நிற்கிறது. டாய்ச்சுக்கு அது பிடிக்கவில்லை. சாதா மின்சார ஆர்கன் மாதிரி இருக்கிறது, ஒலிக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்றார். பியானோவில் அடித்ததும் பளிச்சென்று எழுந்து மெல்லத் தேயும், டிரம்பெட்டில் ஊதினால் ஒரு நொடி எடுத்துக்கொண்டு வீங்கும், அந்த எழுச்சியும் தேய்வும்தான் கருவியின் குணம் என்று விளக்கினார். மோக் யோசித்தார். எதிரில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு காலிங் பெல் ஸ்விட்ச் வாங்கி வரச் சொன்னார். டாய்ச் போய் வாங்கி வந்தார். மோக் அதை ஒரு சின்ன சர்க்யூட்டோடு இணைத்தார், ஒரு கை கட்டையில், இன்னொரு கை பெல் ஸ்விட்ச்சில். அழுத்தினால் கண்டென்சரில், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற பாகத்தில், மின்னழுத்தம் ஏறும், விட்டால் இறங்கும், அந்த ஏற்றஇறக்கம் ஒலியளவை நடத்தும். ஒலிக்கு உயிர் வந்தது.

அடுத்த வருஷம், 1965-ல், கொலம்பியாவைச் சேர்ந்த விளாடிமிர் உஸ்ஸாசெவ்ஸ்கி என்ற இசையமைப்பாளர் மோகிடம் ஓர் ஆர்டர் கொடுத்தார், ஏற்றஇறக்கத்தை நான்கு பகுதியாகப் பிரித்துத் தரவேண்டும் என்று: எழுவதற்கு எவ்வளவு நேரம், எழுந்தபின் கொஞ்சம் இறங்க எவ்வளவு நேரம், கையை எடுக்காதவரை எந்த அளவில் நிற்க வேண்டும், கையை எடுத்தபின் அடங்க எவ்வளவு நேரம். இன்று உங்கள் கைபேசியில் இருக்கிற எந்த இசை ஆப்பைத் திறந்தாலும் அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று நாலு குமிழ்கள் நிற்குமே, அவைதான் இவை. பெல் ஸ்விட்ச்சிலிருந்து அந்த நாலு குமிழ் வரைக்கும் வந்த வழியில் இரண்டு இசைக்காரர்களின் குறை இருக்கிறது. கீபோர்டு வேண்டும் என்று சொன்னதும் டாய்ச்தான். டொரான்டோவில் குஸ்தாவ் சியமாகா என்ற இசையமைப்பாளர் மின்னழுத்தத்தால் நடக்கிற ஃபில்டர் ஒன்று, அதாவது ஒலியில் சில அதிர்வெண்களை வடிகட்டுகிற சர்க்யூட், இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டதிலிருந்து ஃபில்டர் வந்தது.

எல்லாவற்றையும் மின்னழுத்தத்தால் நடத்துவது என்ற எண்ணத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் சின்னப் பட்டறையால் இதைச் செய்ய முடிந்ததற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. காதுக்கு ஒரு ஸ்தாயி ஏறுவது என்றால் அதிர்வெண் இரட்டிப்பாவது. 220, 440, 880 என்று பெருக்கிக்கொண்டே போக வேண்டும். சிலிக்கான் டிரான்சிஸ்டருக்குள் இதே கணக்கு இயற்கையாகவே இருக்கிறது, அதன் பேஸ் என்ற முனையில் ஏறக்குறைய 18 மில்லிவோல்ட் கூட்டினால் அதில் ஓடும் மின்னோட்டம் இரட்டிப்பாகும். ஆக ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்று கீபோர்டை அமைத்து, அதை 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்து டிரான்சிஸ்டருக்குக் கொடுத்தால் சுருதி தானாகவே சரியாக ஏறும். 1960-களின் தொடக்கத்தில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் விலை மளமளவென்று இறங்கியது. அதற்கு முன் ஆர்.சி.ஏ. அறை முழுக்க வால்வு வைத்துச் செய்ததை இப்போது ஒரு மேசை மேல் செய்யலாம்.

ஆனால் அதே டிரான்சிஸ்டர் சூட்டுக்கு ஆளாகும். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் கணக்கு 0.33 சதவீதம் தள்ளிப்போகும். கேட்க அற்பமாகத் தெரிகிறது, ஆனால் நாலு ஸ்தாயி மேலே வாசிக்கும்போது சுருதி விலகுவது நன்றாகவே கேட்கும். அந்தக் காலத்து மோக் கருவிகளோடு வேலை செய்த அத்தனை பேரும் சுருதி நிற்கவில்லை என்று புலம்பியிருக்கிறார்கள். வெண்டி கார்லோஸ் என்ற இசைக்கலைஞர் 1968-ல் பாக் என்ற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரின் இசையை முழுக்க மோகில் வாசித்து ஒரு ரெக்கார்டு வெளியிட்டார். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். அதனால் ஒவ்வொரு வரியாக, சில இடங்களில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு ஸ்வரம் நிறுத்திச் சுருதி சேர்த்து, சொந்தமாகச் சேர்த்துக் கட்டிய 8 டிராக் டேப் மெஷினில் அடுக்கிக்கொண்டே போனார். 1970-ல் அதற்கு மூன்று கிராமி விருதுகள். கார்லோஸ் வெறும் வாடிக்கையாளர் அல்ல. விரலின் அழுத்தத்துக்குப் பதில் சொல்லும் கீபோர்டு வேண்டும், சுருதி வழுக்கிப்போகிற வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே இருந்தவர், மோக் ஒவ்வொன்றையும் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தார்.

பட்டறையில் யார் இருந்தார்கள் என்பதும் சொல்லப்பட வேண்டும். போர்டில் பாகங்களைச் செருகி சால்டரிங் பண்ணியவர்களில் அந்தக் கிராமத்துப் பெண்கள் நிறைய. மரப்பெட்டி செய்யத் தச்சர். ஒவ்வொரு பெட்டியும் ஆர்டர் வந்தபின் கட்டப்பட்டது, இவருக்கு மூன்று ஆசிலேட்டர், அவருக்குக் கூடுதலாக ஒரு ஃபில்டர் என்று. இந்தியாவுக்கும் ஒன்று வந்தது தெரியுமா? 1969-ல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் கருவியை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் உட்பட நம் நாட்டு இசையமைப்பாளர்கள் சிலர் அதில் வேலை செய்திருக்கிறார்கள். அந்த டேப்புகள் பல பத்தாண்டுகள் யாரும் கேட்காமல் கிடந்து சமீபத்தில்தான் வெளியே வந்தன.

மோகின் ஃபில்டரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. டிரான்சிஸ்டர்களை இரண்டிரண்டாக ஏணிப்படி மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, படிக்கு ஒரு கண்டென்சர் வைத்து, நாலு படி. காகிதத்தில் பார்த்தால் ஒரு பள்ளிப் பையன் வரைந்துவிடலாம், அவ்வளவு எளிமை. இதற்கு 1969-ல் பேட்டன்ட் கிடைத்தது. என் மேசைக்கு வருகிற இன்றைய கீபோர்டுகளில்கூட, சிப்புக்குள் கணக்காக, இந்த ஏணியைப் போலிசெய்கிற நிரல்தான் ஓடுகிறது.

மினிமோக் என்ற சின்ன மாடல் பிறந்த கதையும் பட்டறைக்கே உரியது. பேட்ச் கார்டு என்கிற இணைப்புக் கம்பிகளால் சிக்கெடுக்க முடியாத பெரிய அலமாரியை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பில் ஹெம்சாத் என்ற இன்ஜினியர் மதியச் சாப்பாட்டு நேரங்களில், ஒதுக்கிப் போட்ட பாகங்களையும் பாதி கீபோர்டையும் வைத்து, எல்லாம் உள்ளேயே கம்பி போட்டு இணைத்த ஒரு சின்னப் பெட்டியைக் கட்டினார். மோகுக்கு ஆரம்பத்தில் அதில் பெரிய ஆர்வம் இல்லை. கம்பெனி தடுமாறிக்கொண்டிருந்த நேரம், அவர் ஊரில் இல்லாதபோது மற்ற இன்ஜினியர்கள் அதை விற்பனைக்கு ஏற்ற கருவியாக்கினார்கள். ஒரு கணக்குப் பிசகில் ஆசிலேட்டர்களின் சிக்னல் ஃபில்டருக்குள் தேவைக்கு அதிகமான அளவில் போய் லேசாக நசுங்கியது, அந்த நசுங்கலில் வந்த கனமான ஒலியைத்தான் ஐம்பது வருஷமாக எல்லாரும் மினிமோக் ஒலி என்று தேடுகிறார்கள். பெரிய கம்பெனியாக இருந்திருந்தால் தரக்கட்டுப்பாட்டில் யாராவது அதைத் திருத்தியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 1970-ல் வந்து, 1981 வரைக்கும் 12,000-க்கு மேல் விற்றது.

ஆனால் அந்தப் பணம் மோகுக்கு வரவில்லை. பாக் ரெக்கார்டு வந்தபின் ஆர்டர் குவிந்தது, எல்லாரும் ஒரு தடவை வாங்கியபின் 1970-ல் திடீரென்று நின்றது. கையில் மூலதனம் கிடையாது, பாகக் கடைகளுக்குக் கடன். 1971-ல் கம்பெனி கைமாறியது, கிராமத்தை விட்டு பஃபலோவுக்குப் பக்கத்தில் போனது, பிறகு இன்னொரு பெரிய நிறுவனத்தின் கையில். மோக் 1977-ல் வெளியே வந்துவிட்டார், தன் பெயரையே விற்பனைக்குப் பயன்படுத்த முடியாத நிலை. வட கரோலினாவில் ஆஷ்வில்லுக்குப் போய் மறுபடியும் சின்னப் பட்டறை, மறுபடியும் தெரமின். பெயரை மீட்டது 2002-ல், மூன்று வருஷத்தில் இறந்துபோனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாங்காது.

அதே வருஷங்களில் அமெரிக்காவின் மறு கரையில், மோகைப் பற்றி எதுவும் தெரியாமல், டான் புக்லா வேறு கோணத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டர் என்று இசையமைப்பாளர்கள் நடத்திய ஓர் இடம், மார்ட்டன் சுபோட்னிக்கும் ரமோன் சென்டரும் அங்கே டேப்பை வெட்டி ஒட்டி இசை செய்துகொண்டிருந்தார்கள். வெட்டி ஒட்டுவது என்றால் என்ன என்று யோசியுங்கள். டேப் விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது. கால் விநாடி ஸ்வரம் என்றால் ஒன்பதரை சென்டிமீட்டர் அளந்து, பிளேடால் சாய்வாக வெட்டி, அடுத்த துண்டோடு ஒட்ட வேண்டும். ஒரு நிமிஷ இசைக்கு நாள்கணக்கில் பிளேடு. இதிலிருந்து விடுதலை வேண்டும் என்று அவர்கள் ஓர் இன்ஜினியரைத் தேடினார்கள், புக்லா வந்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவிப்பணத்திலிருந்து 500 டாலர் கொடுத்தார்கள்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது சீக்குவென்சர். குமிழ்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு மின்னழுத்தம் வைத்துவிட்டால் கருவி ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைத் தொட்டுக்கொண்டே போகும். பிளேடால் ஒரு நாள் வெட்டிய வேலை அப்படியே குமிழைத் திருப்பினால் வந்துவிடும். அப்புறம் கீபோர்டு. கறுப்பு வெள்ளைக் கட்டை வைத்தால் எல்லாரும் பழைய பாட்டைத்தான் வாசிப்பார்கள் என்று புக்லா அதை வைக்கவே மறுத்தார், விரலின் அழுத்தத்தை உணரும் உலோகத் தகடுகளை வைத்தார். சிந்தசைசர் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. 1969-ல் சி.பி.எஸ். நிறுவனம் அவர் வடிவமைப்பை வாங்கிச் சீக்கிரமே கைவிட்டது. புக்லா தன் பாட்டுக்கு பெர்க்லியில் தனியாகச் செய்துகொண்டே இருந்தார், 2016-ல் இறக்கும்வரை.

மோகோடு டாய்ச் உட்கார்ந்தார், கீபோர்டு வந்தது. புக்லாவோடு சுபோட்னிக் உட்கார்ந்தார், கீபோர்டு போனது. மேசைக்கு எதிரில் யார் இருந்தாரோ அவருடைய முகம் கருவியில் பதிந்திருக்கிறது.

லண்டனில் கதை கொஞ்சம் வேறு. பீட்டர் சினோவியெஃப், ரஷ்யாவிலிருந்து வெளியேறிய குடும்பம், நிலவியல் (ஜியாலஜி) படித்தவர், பட்னியில் தேம்ஸ் நதிக்கரையில் வீடு, தோட்டத்துக் கொட்டகையில் ஸ்டூடியோ. தானும் டேப் வெட்டிச் சலித்துப்போனவர்தான். மனைவியின் நகையை, ஒரு தலைக்கிரீடத்தை, விற்று பி.டி.பி.-8 கம்ப்யூட்டர் வாங்கி அந்தக் கொட்டகையில் வைத்தார். வீட்டுக்குள் வைத்த முதல் கம்ப்யூட்டர்களில் அது ஒன்று. 1968-ல் லண்டனில் கச்சேரி மேடையில் மனிதர் யாரும் இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டரையே வாசிக்க வைத்தார். இதற்கெல்லாம் பணம் வேண்டுமே. அதற்காகத்தான் விற்பனைக்கு ஒரு சின்னக் கருவி செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். சர்க்யூட் டேவிட் காக்கரெல், பெட்டியின் அமைப்பு டிரிஸ்ட்ரம் கேரி என்ற இசையமைப்பாளர், போரின்போது கடற்படை ரேடாரில் வேலை செய்தவர். 1969-ல் வி.சி.எஸ்.3 வந்தது, விலை 330 பவுண்டு.

அதன் முகப்பை ஒரு தடவை உற்றுப் பார்க்க வேண்டும். மோகிலும் புக்லாவிலும் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கக் கம்பி செருகுவார்கள். இதில் கம்பியே கிடையாது. நடுவில் 16-க்கு 16 துளைகள் கொண்ட ஒரு பலகை, பல்லாங்குழியைச் சின்னதாக்கிச் சதுரமாக அடுக்கியது போல. இடப்பக்கம் ஒலி எங்கிருந்து வருகிறது, மேல் வரிசையில் எங்கே போகிறது. இரண்டும் சந்திக்கிற துளையில் சுண்டுவிரல் நுனி அளவு ஊசி ஒன்றைச் செருகினால் இணைப்பு ஆகிவிடும். ஊசிக்குள்ளேயே ஒரு குட்டி ரெசிஸ்டர் அடங்கியிருக்கிறது. அது இல்லாவிட்டால் இரண்டு சிக்னல் ஒரே இடத்தில் சேரும்போது ஒன்றையொன்று விழுங்கிவிடும். கம்பிக் காடு இல்லாததால் கருவி சின்னதானது, 1971-ல் அதையே ஒரு சூட்கேஸுக்குள் அடக்கிவிட்டார்கள், பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழு 1973-ல் வெளியிட்ட ரெக்கார்டில் பயன்படுத்தியது அந்த சூட்கேஸ் மாடலைத்தான். சுருதி நிற்காது, அதில் ராகம் வாசிக்க ஆசைப்படக்கூடாது. ஆனால் காற்று, இடி, ரயில், பெயர் தெரியாத பறவைகள், எல்லாம் வரும். 1979-ல் சினோவியெஃபின் இந்தக் கம்பெனியும் படுத்துவிட்டது.

ஆக, அவர்களிடம் என்ன இருந்தது என்று கேட்டால்: விலை இறங்கிய டிரான்சிஸ்டர், குறை சொல்லத் தயங்காத ஓர் இசைக்காரர், அந்தக் குறையை அன்று மாலைக்குள் சரிசெய்து பார்க்கிற சௌகரியம். பெரிய கம்பெனியில் அந்தக் குறை விற்பனைப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து வடிவமைப்புப் பிரிவுக்குப் போய், அடுத்த வருஷப் பட்ஜெட்டில் வந்து நிற்கும். இல்லாதது பணம் நடத்தத் தெரிந்த ஆள். இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு நம் பக்கத்திலேயே இருக்கிறது. கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மின்னணு சுருதிப் பெட்டி இருக்குமே, அந்த வகையில் முன்னோடி பெங்களூரின் ராடெல், ஜி. ராஜ் நாராயண் ஆரம்பித்தது. அவர் இன்ஜினியர், புல்லாங்குழலும் வாசிப்பவர். மேசையின் இரண்டு பக்கமும் அவரே.

இப்போதும் முடியுமா என்றால் முடியும். 1990-களின் நடுவில் மியூனிக் அருகே டீட்டர் டோப்ஃபர், மாடுலர் கருவிகளுக்கு, அதாவது தனித்தனிப் பகுதிகளைச் சேர்த்துக் கட்டுகிற சிந்தசைசர்களுக்கு, 128.5 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் அளவைக் கொண்டுவந்தார், அந்த அளவை யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம் என்பதால் இன்று உலகம் முழுக்க ஒருவர் இருவராகச் செய்கிற பட்டறைகள் நிறைய வந்துவிட்டன.

நானும் இரண்டு வருஷம் முன்பு சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி ஒரு தெரமின் கட்டினேன். மின்விசிறியைப் போட்டால் சுருதி நகர்கிறது, மழை நாளில் வேறு மாதிரி நகர்கிறது, அதோடு சில வாரம் மல்லுக்கட்டினேன். ஒரு நாள் எங்கள் தெருவில் வயலின் சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருவரைக் கூப்பிட்டு வாசித்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கையை வைத்து வைத்துப் பார்த்தார். "சுருதி போறது கெடக்கட்டும் தம்பி, இடது கை சொல்றதை இது கேக்கவே மாட்டேங்குதே, நான் நிறுத்தின அப்புறமும் இழுத்துக்கிட்டே போகுது" என்றார். கிளாரா ராக்மோர் தெரமினிடம் சொன்ன அதே குறை. ஒலியளவு சர்க்யூட்டில் நான் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட்டிருந்தேன், உறுமல் வராமல் இருக்கட்டும் என்று. பெரிய கண்டென்சர் மெதுவாகத்தான் காலியாகும். அதைக் கழற்றிவிட்டு 1 மைக்ரோஃபாரட் போட்டேன். அடுத்த ஞாயிறு வந்து வாசித்தார், பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் என்றார். 0.47 போட்டிருக்கிறேன்.